பழைய பியூக் லெசேபர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

2000 முதல் 2005 வரை வந்த லெசேபர் காரை அமெரிக்காவில் பலர் இன்னும் கைவிடாமல் ஓட்டுவதற்கு முதல் காரணம் 3800 சீரிஸ் 2 இன்ஜின். 3.8 லிட்டர் வி6, 205 குதிரைத்திறன், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். முன்னால் பெஞ்ச் சீட் போட்ட வண்டியில் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். நெடுஞ்சாலையில் அலுங்காமல் போகும். அருமையான வண்டி!

காலை வாருவது பிளாஸ்டிக் பாகங்கள். இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் பாகம் பிளாஸ்டிக். அதற்குள் சூடான இ.ஜி.ஆர். குழாய், அதாவது புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் குழாய், ஏறுகிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பொரிந்துபோய், பக்கத்தில் ஓடும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இன்ஜினுக்குள் கசியும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, ஆனால் ரேடியேட்டரில் அளவு குறையும். இரவில் சிலிண்டரில் தேங்கினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளையலாம். மேனிஃபோல்டுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் தேங்கியிருந்தால் ஓட்டவே வேண்டாம்.

மேல் மேனிஃபோல்டை மாற்றும்போது ஒல்லியான இ.ஜி.ஆர். குழாயோடு வரும் பாகத்தையே கேளுங்கள். கீழ் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டையும் (கசியாமல் அடைக்கும் தகடு) அலுமினிய ஃப்ரேம் உள்ளதாக அப்போதே போட்டுவிடுங்கள். கீழ் மேனிஃபோல்டு போல்ட்டை 15 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள், மேல் மேனிஃபோல்டுக்கு 10 போதும். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம் இரண்டு கூலண்ட் எல்போ, அதாவது வளைந்த பிளாஸ்டிக் இணைப்புக் குழாய்கள், இருக்கும். இழுத்தால் தூள்தூளாக உடையும், துண்டு எதையும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.