காலடியில் ஒரு டியூனர்: மே மாதக் குறிப்புகள்

மே 3
நேற்று ராத்திரி கோயில் கொடைக் கச்சேரி. பேஸ் கிடாரின் தலையில் மாட்டியிருந்த கிளிப் டியூனர் என்னைக் கைவிட்டுவிட்டது. அது மரத்தின் அதிர்வைக் கேட்டுத்தான் சுருதி சொல்லும். டிரம்ஸும் ஸ்பீக்கர் பெட்டிகளும் சேர்ந்து மேடையே குலுங்கும்போது எதைத்தான் கேட்கும்? முள் ஆடிக்கொண்டே இருந்தது. பாடகர் அடுத்த பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் கம்பியை முறுக்கும் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. மனசே கேட்கவில்லை. இனி காலால் மிதிக்கும் டியூனர் பெடல்தான். கேபிள் வழியாக வரும் சிக்னலை மட்டும் பார்க்கும்.

மே 6
கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். பாலிடியூன் என்ற டியூனர் பெடலில் எல்லாக் கம்பியையும் ஒரே வீச்சில் மீட்டினால் எது விலகியிருக்கிறது என்று காட்டும். கிடார்காரர்களுக்கு அருமையான வசதி. நான் ஒவ்வொரு கம்பியாகப் பார்க்கிறவன். விளக்கு தூரத்திலிருந்து தெரிய வேண்டும், மிதித்தால் சத்தம் அடங்க வேண்டும், என் ஐந்து கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த பி கம்பியைப் பிடிக்க வேண்டும். பாஸ் (Boss) நிறுவனத்தின் டியூ-3 பெடலை வாங்கினேன்.

மே 7
ஒத்திகை. பெடலை மிதித்தேன், சத்தம் நிற்கவில்லை! பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், இதில் வெளியே போகும் துளை இரண்டு. பைபாஸ் என்று போட்டிருப்பதில் குத்தினால் டியூனர் ஓடும்போதும் சத்தம் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்துத் துளைக்கு மாற்றினேன். அடங்கிவிட்டது.

இன்னொன்று, டியூனரை வரிசையில் முதலில் வைத்தேன். கோரஸ், ஓவர்டிரைவ் என்று ஒலியை மாற்றும் பெடல்கள் எல்லாம் அதற்குப் பிறகு. கலங்காத சிக்னல் கிடைத்தால்தான் அது சரியாகச் சொல்லும்.

மே 9
ஐந்தாவது கம்பியோடுதான் இன்று முழுக்கப் போராட்டம். பி என்பது நொடிக்குச் சுமார் 31 அதிர்வு. ஓங்கித் தட்டினால் முதலில் சுருதி மேலே ஏறி, பிறகு மெல்ல இறங்கும். விளக்கும் கூடவே ஓடும். கட்டைவிரலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன், கொஞ்சம் நின்றது. கிடார் கழுத்தில் 12ஆவது பிரெட்டின் (குறுக்குக் கம்பியின்) மேல் விரலை லேசாகத் தொட்டு, ஹார்மோனிக் என்கிற மணி போன்ற மேல் ஒலியை எடுத்ததும் அசையாமல் நின்றது. ஒரு ஸ்தாயி மேலே போய்விடுவதால் டியூனருக்குப் பிடிப்பது சுலபம். சுருதி தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு, கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துகிறேன். அப்போதுதான் கம்பி பிறகு தளர்வதில்லை.

மே 12
ஐந்து கம்பிக்கும் பச்சை விளக்கு. ஆனாலும் கீபோர்டோடு சேரவில்லை, என் ஸ்வரங்கள் ஒரு மயிரிழை மேலே. கம்பியைச் சந்தேகப்பட்டேன், காதைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் டியூனரின் ஆதார சுருதி, அதாவது ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண், வழக்கமான 440 இல்லை, 442! பழைய ஆர்மோனியம் ஒன்றுக்குச் சேர்ப்பதற்காகப் பெடலை இரவல் வாங்கிய நண்பர் மாற்றியிருக்கிறார். 440க்கும் 442க்கும் கிட்டத்தட்ட 8 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவ்வளவுதான், ஆனால் காதுக்குத் தெரிந்துவிட்டது. இனி கச்சேரிக்கு முன் அந்த எண்ணை முதலில் பார்ப்பேன்.

மே 16
இன்று மறுபடி கொடை. மூன்றாவது பாட்டு முடிந்தபோது மேடை விளக்குச் சூட்டில் ஏ கம்பி இறங்கியிருந்தது. பாடகர் ஊர்க்காரர்களுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தார். மிதித்தேன். பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு தட்டு, கால் சுற்று முறுக்கு, பச்சை. அவர் மைக்கைத் தாழ்த்துவதற்குள் மறுபடி மிதித்துவிட்டு, டிரம்ஸ்காரர் எண்ணத் தொடங்கக் காத்திருந்தேன்.