53 மணி ஜெபமாலையும் நான்கு ஆச்சிகளும்

அம்மா இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த எட்டு மாதங்களில் இயேசு கற்பித்த ஜெபமான பரலோக மந்திரத்தை ஒரு தடவைகூட என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. 'உமது திருவுளம்' என்ற இடம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். கோயிலில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது வாயை மட்டும் அசைப்பேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஆச்சி என் வாயைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஆச்சி என் அம்மாவைப் பெற்றவர். 82 வயது. 2025 ஜூலையில் ஒரு நாள் என்னை அழைத்து, "தூத்துக்குடி மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் போகிறோம். நீ கூட வா, மக்களே" என்றார். வருகிறாயா என்று கேட்கவில்லை. நான் மறுக்கவும் இல்லை.

போகிறோம் என்றால் நான்கு ஆச்சிகள். என் ஆச்சி. மேட்டுத்தெரு ஆச்சி, இவர் மரியாயின் சேனை என்ற ஜெபக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவர், எந்தத் துக்க வீட்டிலும் முதல் ஆளாக உட்கார்ந்து ஜெபமாலை தொடங்குகிறவர். தையல் ஆச்சி, கண் மங்கிவிட்டது, ஆனாலும் ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இன்றும் தைக்கிறவர். இவர்கள் மூவரும் கத்தோலிக்கர். நான்காவது ஆச்சி சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். ஊரில் அவர் சபை ஆச்சி. அவரும் என் ஆச்சியும் கல்யாணமாகி வந்த நாள்முதல் பக்கத்துப் பக்கத்துப் பனை விளைகளில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவர்கள். ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தால் மற்றவள் இரண்டு அடுப்பையும் பார்த்துக்கொள்வாளாம். மாதா கோயிலுக்கு நீங்கள் எப்படி வருகிறீர்கள் என்று யாரோ கேட்டதற்குச் சபை ஆச்சி சொன்ன பதில்: "அவள் மகளுக்காக அழப் போகிறாள். நான் வீட்டில் இருந்து என்ன செய்ய?"

அண்ணன் மகன் வேன் ஓட்டினான். திசையன்விளை, உடன்குடி, திருச்செந்தூர் வழி. ஆடிக் காற்று சன்னல் வழியாக மணலை வாரி முகத்தில் அடித்தது. நார்ப்பெட்டியில் புளிச்சோறும் அவித்த முட்டையும் இருந்தன. ஆறுமுகநேரி தாண்டியதும் உப்பளங்கள். ஓலை வேய்ந்து மூடிய குவியல்களுக்கு நடுவில் மூடாத குவியல்களும் இருந்தன. வெயிலில் கண் கூசும் வெள்ளை.

"இந்த வெக்கையில் உள்ள ஊருக்குப் பனிமய மாதா என்று பெயர் வைத்தவர் யார்?" என்று சபை ஆச்சி கேட்டார். கேலியில்லாத, உண்மையான கேள்வி.

மேட்டுத்தெரு ஆச்சி அந்தக் கதையை அழகாகச் சொன்னார். நான்காம் நூற்றாண்டு. ரோமாபுரியில் பிள்ளையில்லாத ஒரு கணவனும் மனைவியும் தங்கள் சொத்தை மாதாவுக்குக் கொடுக்க நினைக்கிறார்கள். எங்கே பனி விழுந்திருக்கிறதோ அங்கே கோயில் கட்டுங்கள் என்று கனவில் மாதா சொல்கிறார். அது கொளுத்தும் கோடைக்காலம். ஆகஸ்டு 5ஆம் தேதி விடியும்போது எஸ்குலின் குன்றின் மேல் பனி கிடக்கிறது. திருத்தந்தை லிபேரியுஸ் அந்தப் பனியின் மேலேயே கோயிலுக்குக் கோடு போடுகிறார். வழிவழியாக வருகிற இந்தக் கதையை ஒட்டித்தான் தூத்துக்குடியிலும் ஆகஸ்டு 5இல் பெருவிழா. அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

ரோமில் அந்தக் குன்றின்மேல் நிற்பது புனித மரியா பேராலயம். திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் இறந்தபோது தன் விருப்பப்படி அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் என்று ஓர் உலக நாளை 2021இல் ஏற்படுத்தியவரும் அவர்தான். ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. தனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தது பாட்டி ரோசா என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர். இதை நான் வேனில் சொன்னபோது ஆச்சிகள் நால்வரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தையல் ஆச்சி, "போப்பாண்டவருக்கும் ஆச்சிதானா?" என்று கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூலை 25 மாலையில் போய்ச் சேர்ந்தோம். கடலுக்கு மிக அருகில் கோயில். 1713இல் திறக்கப்பட்டது, 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பேராலயமாக உயர்த்தினார். உள்ளே இருக்கும் மாதா சுரூபம் அதற்கும் மூத்தது. 1555இல் கப்பலில் வந்திறங்கியது என்பது முத்துக்குளித்துறை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் செய்தி. பீடத்துக்கு முன்னால் ஆச்சி வெகுநேரம் நின்றார். 2013 ஆகஸ்டு 5இல், கோயிலின் முந்நூறாவது ஆண்டில் தங்கத்தேர் ஓடியபோது, அம்மாவும் ஆச்சியும் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள். ஐம்பத்துமூன்று அடி உயரத் தேர். ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணிக்கு ஓர் அடி என்று கணக்குச் சொல்வார்கள். வடத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று அம்மா கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்த கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்று ஆச்சி அதைச் சொல்லவில்லை. கைகூப்பி நின்றார், அவ்வளவுதான்.

இரவு கோயில் வளாகத்தில் ஒரு சுவரோரமாகப் பாய் விரித்தோம். எங்களைப் போலப் பல குடும்பங்கள். மேட்டுத்தெரு ஆச்சி ஜெபமாலையை எடுத்தார். என் ஆச்சி அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"இன்றைக்கு நான் சொல்கிறேன். மணிக்கு ஒரு நன்றி. என் மகளைத் தந்ததற்கு."

முதலில் எனக்குப் புரியவில்லை. ஆச்சி முதல் மணியைப் பிடித்து, "மூன்று பிள்ளை தங்காமல் போன பிறகு நாலாவதாக இவளைத் தந்ததற்கு நன்றி" என்றார். பிறகு மாதாவை வாழ்த்தும் அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதி. மற்றவர்கள் மறுபாதி. அடுத்த மணி. "எட்டு மாதத்தில் பல் முளைத்ததற்கு நன்றி." அடுத்தது. "கருப்பட்டிப் பாகு கையில் பட்டும் விரல் வளையாமல் ஆறியதற்கு." இப்படியே போனது. பள்ளிக்கூடம், பூப்பு, கல்யாணம், நான் பிறந்தது. மகளைப் புதைத்துவிட்டு வந்த ஒரு தாய், அந்த மகள் கிடைத்ததற்கு மணி மணியாக நன்றி சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது எளிதாக இல்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

இருபதோ இருபத்தொன்றோ, ஆச்சிக்குக் குரல் நின்றுவிட்டது. நன்றி தீர்ந்துபோய் நிற்கவில்லை, நெஞ்சு தாங்காமல் நின்றது. விரல் மணியைப் பிடித்தபடியே இருந்தது.

அப்போது தையல் ஆச்சி சொன்னார்: "என் மகன் துபாயிலிருந்து போட்ட கடிதங்களையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டியவள் அவள்தான். அதற்கு நன்றி." ஆச்சி மெல்ல மந்திரத்தைத் தொடங்கினார். அடுத்த மணிக்கு மேட்டுத்தெரு ஆச்சி: "என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த நாளில் தினமும் கஞ்சி கொண்டுவந்தாள்." எனக்கு இது தெரியாது. அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்து சபை ஆச்சி. அவர்கள் சபையில் அருள்நிறை மந்திரம் கிடையாது. ஆனால் ஸ்தோத்திரம் உண்டு. ஒவ்வொரு நன்மையாக நினைத்து நூறு, ஆயிரம் என்று ஸ்தோத்திரம் சொல்கிற வழக்கம் அவர்களுக்குப் பழகியது. "என் மகளின் கிறிஸ்மஸ் பாவாடைக்குக் காசு இல்லாத வருடம், தன் பாவாடையைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாளே. ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். மற்ற மூவரும் மந்திரம் சொல்லி முடிக்கும்வரை தலைகுனிந்து காத்திருந்தார். பரலோக மந்திரம் வந்தபோது மட்டும் அவரும் சேர்ந்துகொண்டார். எங்களுக்கு முன்பாதி ஒருவர், பின்பாதி எல்லோரும். அவர்கள் சபையில் எல்லோரும் முழுவதையும் சேர்ந்து சொல்வார்கள். அதனால் அவர் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நிறுத்தவே இல்லை. யாரும் அவரைத் திருத்தவும் இல்லை.

என் முறை வந்தபோது, "எனக்குத் தலை பின்னிவிட்டதற்கு" என்றேன். நான்கு பேரும் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். அதற்கு அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நாற்பத்தாறாவது மணியில் தையல் ஆச்சி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். மீதியை நாளைக்குச் சொல்லலாம் என்று ஆச்சி மாலையை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலைப் பூசையில் குருவானவர் அன்றைய புனிதர்களின் பெயரைச் சொன்னார்: சுவக்கின், அன்னா. மரியாவின் பெற்றோர், இயேசுவுக்குத் தாத்தா பாட்டி. தூத்துக்குடியில் கொடி ஏறுவது எப்போதும் ஜூலை 26. அத்தனை ஆண்டுகளாக அந்தத் தேதியைக் கேட்டிருந்தும், மகளின் திருவிழா தாய் தகப்பனின் நாளில் தொடங்குகிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. வேதாகமத்தில் இவர்கள் இருவர் பெயரும் இல்லை. முதுமைவரை பிள்ளையில்லாமல் இருந்து மரியாவைப் பெற்றார்கள் என்பது பழைய மரபுச் செய்தி. இதைக் கேட்ட சபை ஆச்சி, "கோயிலில் குழந்தை இயேசுவைப் பார்த்த அன்னாளா?" என்று கேட்டார். அவர் வேறு. லூக்கா நற்செய்தி சொல்லும் அந்த அன்னாள் எண்பத்துநான்கு வயது விதவை. குழந்தையைக் கண்டதும் அவர் செய்த முதல் காரியம் கடவுளுக்கு நன்றி சொன்னது. "நமக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது" என்று என் ஆச்சியின் தோளைத் தட்டினார் சபை ஆச்சி. இறந்த வீட்டுக்குப் பிறகு ஆச்சி சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கொடி ஏறியது. 'மரியே வாழ்க' என்ற குரல் எங்கிருந்து தொடங்கி எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. துறைமுகப் பக்கமிருந்து சங்கு ஒலித்தது. புறாக்கள் பறந்தன. கொடிமரத்தடியில் பாலும் பழமும் வைத்து ஜெபிக்க மக்கள் நெருக்கினார்கள். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பெண் தன் பிள்ளையின் கையில் பால் பாக்கெட்டைக் கொடுத்து முன்னே அனுப்பினார். ஆச்சிகளைக் கூட்டத்திலிருந்து காப்பதற்காக நான் கைகளை விரித்து நின்றேன். ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் நால்வரும் ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு, என் இடுப்பையும் சேர்த்துப் பிடித்திருந்தார்கள்.

முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கிக்கொண்டு மத்தியானம் கிளம்பினோம். வேனில் பேச்சு லோவிசாளைப் பற்றி வந்தது. பவுலின் சீடர் தீமோத்தேயுவின் பாட்டி. எங்கள் கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் அவர் லோயி. புதிய ஏற்பாட்டில் பாட்டி என்ற சொல்லே அந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. பவுல் அவருடைய விசுவாசத்தை நினைத்துத்தான் எழுதுகிறார். "பெயர் எப்படி இருந்தால் என்ன, பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தாள் அல்லவா?" என்றார் மேட்டுத்தெரு ஆச்சி.

உப்பளம் தாண்டும்போது என் ஆச்சி இடுப்பிலிருந்து மாலையை எடுத்து என் கையில் வைத்தார். "மீதி ஏழு மணி. நீ சொல்."

நான் ஆறு சொன்னேன். அவை எளிதாகவே வந்தன. கடைசி மணியில் நின்றேன். எட்டு மாதமாக என்னிடம் இருந்தது ஒன்றுதான். கடைசி வாரம், மருத்துவமனையில், அம்மா என்னிடம் ஒரு வாய் டீ கேட்டார். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. அதை வேனில் சத்தமாகச் சொன்னேன். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டேன்.

ஆச்சி என் கையிலிருந்த மாலையைத் தடவிப் பார்த்தார். அந்தச் சின்ன மணியிலிருந்து என் விரலை எடுத்து, சற்றுத் தள்ளியிருந்த பெரிய மணியின்மேல் வைத்தார்.

"இது சின்ன மணியில் அடங்காது, மக்களே. பரலோக மந்திரத்தில் சேர்."

முன்பாதியை நான்தான் சொல்ல வேண்டும். விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று தொடங்கினேன். உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக. உமது ஆட்சி வருக. அந்த இடம் வந்தது. குரல் நின்றது. மூன்று ஆச்சிகளும் தங்கள் பாதிக்காகக் காத்திருந்தார்கள். முன்பாதி, பின்பாதி வழக்கம் தெரியாத சபை ஆச்சி மட்டும் நிறுத்தாமல், பின்சீட்டிலிருந்து, அவர்கள் வேதாகமத்தின் சொற்களில் சொல்லிக்கொண்டே போனார்:

"உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக."