மஞ்சள் நீரும் ஏரிச் சேறும்

பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் குரோம் முலாம் பூசும் சிறு பட்டறை ஒன்றுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பை வடிவமைத்தபோது, அலசு தொட்டியிலிருந்து வந்த தெளிந்த மஞ்சள் நீர் எனக்கு அச்சமூட்டியது. அந்நிறம் குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தினுடையது. நீரில் கரைந்தே இருப்பதால் வெறும் சுண்ணாம்பு இட்டால் அது படியாது. முதலில் கந்தக அமிலத்தால், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2க்கும் 3க்கும் இடையே இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து நச்சு குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு ஒடுக்கி (வேதிவினையால் இணைதிறனைக் குறைத்து), மஞ்சள் மறைந்து பச்சை தோன்றிய பிறகே காரம் சேர்த்து 8க்கு மேல் உயர்த்த வேண்டும். அப்போதுதான் அது ஹைட்ராக்சைடாகத் திரண்டு அடியில் தங்கும். ஒடுக்கம் முடியுமுன் காரத்தை ஊற்றும் அவசரத்துக்கு நான் ஒருபோதும் இசைவதில்லை, ஏனெனில் வெளியேறும் நீரில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு விதிகள் அனுமதிப்பது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான்.

சுத்திகரிப்பில் சிக்காமல் தப்பிச் செல்லும் உலோகம் ஏரிகளின் சேற்றில் தங்குகிறது. 2015இலும் 2017இலும் தீப்பற்றிய பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியைக் கடக்கும்போதெல்லாம், அதன் மேல் மிதக்கும் நுரையைவிட அடிச்சேறே என் நினைவில் நிற்கிறது. ஆக்சிஜனற்ற சேற்றில் துத்தநாகம், காட்மியம் போன்றவை சல்பைடாகப் பிணைந்து ஓரளவு அடங்கியிருக்கும். அள்ளிக் கரையில் காயவைத்தால் காற்றுப் பட்டுச் சல்பைடு சிதைந்து, அவை மீண்டும் கரையக்கூடும். ஆகவே உலர்களத்துக்கு நீர் புகாத அடித்தளமும் கசிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடும் கட்டாயம் வேண்டும். எங்கள் ஊரில் தாத்தா கோடைதோறும் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு இடுவார். ஆனால் உலோகம் தங்கிய இந்த நகர ஏரிச் சேற்றை ஆய்வகச் சோதனையின்றி எந்த வயலுக்கும் அனுப்ப நான் ஒப்புதல் தரமாட்டேன்.