"கி" என்றால் நாம், "நி" என்றால் நாங்கள்

முதல் நாள், கனடாவில் வட ஒன்ராறியோவின் கிரீ என்ற முதற்குடி மக்களின் ஊர் ஒன்றில், ஆறாம் வகுப்பில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "எப்ப திரும்பிப் போறீங்கள்?"

என் பெயரைக் கூட இன்னும் சொல்லவில்லை. ஏப்ரல் கடைசியில் என்றேன். கேட்ட பெடியன் தலையை ஆட்டிவிட்டுப் பென்சில் சீவப் போய்விட்டான். ஏழு கிழமை. வந்து வந்து போகும் ஆட்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, என்னோடு கதைக்க மினக்கெடலாமா என்று கணக்குப் போட அந்த ஒரு விபரம் போதும்.

நான் ஆசிரியன் இல்லை. ஓய்வு பெற்ற கணக்காளன். ஸ்காபரோ வீட்டில் குந்தியிருந்து அம்மாவின் சமையலில் பிழை பிடிக்காமல் எங்கேயாவது பிரயோசனமாகப் போங்கோ அப்பா என்று மகள்தான் விண்ணப்பத்தை நிரப்பினாள். பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டிய பொலிஸ் சான்றிதழ் எல்லாம் எடுத்து, மார்ச் தொடக்கத்தில் புறப்பட்டேன். ரொறன்ரோவில் இருந்து கொக்ரேன் வரை பஸ். அங்கிருந்து மூசனிக்கு ரயில், 300 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம். ரயிலுக்குத் துருவக் கரடியின் பெயர், "Polar Bear Express". கரடி ஒன்றையும் காணவில்லை, கறுப்பு ஸ்புரூஸ் மரங்களைத்தான் கண்டேன். மூசனிக்கே வெளியில் இருந்து தெரு கிடையாது. அதற்கு மேல், ஜேம்ஸ் விரிகுடாவின் கரையோரமாகச் சின்ன விமானம். குளிர்காலத்தில் மட்டும் உறைந்த ஆறுகளையும் சதுப்பு நிலத்தையும் கடந்து பனித்தெரு ஒன்று திறக்கும். ஊரின் பெயரை எழுதவில்லை. சின்ன ஊர், எழுதினால் எந்தப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

விகிதம் படிப்பிக்கச் சொன்னார்கள். நான் கொண்டுபோன தாள்களில் எல்லாம் பீட்சாவும் சப்வே ரயிலும். பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். விளங்கவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாகச் சொன்னேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் அந்தப் பென்சில் பெடியன், பழைய ஸ்கிடூவுக்கு, அதாவது பனியில் ஓடும் வண்டிக்கு, பெற்றோலில் எண்ணெய் கலப்பது ஐம்பதுக்கு ஒன்று என்று தன்பாட்டில் சொன்னான். அப்படியென்றால் ஐந்து லீற்றருக்கு எவ்வளவு என்று கேட்டேன். "நூறு மில்லி" என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள். ஏதோ நான்தான் மொக்கன் என்பது போல ஒரு பார்வை. குறைத்து ஊற்றினால் இயந்திரம் இறுகிவிடும், ஊருக்கு வெளியே ஆற்றுப் பனியில் நடந்துதான் வரவேண்டும். பீட்சாவைப் பிழையாக வெட்டினால் யாருக்கு என்ன? தாள்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

பின்னேரங்களில் மொழி அறையில் கூக்கம் ஒருவரோடு இருப்பேன். கூக்கம் என்றால் பாட்டி. பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவர் என்னை விட ஆறேழு வயதுதான் மூப்பு.

கிரீ எழுத்தை அங்கேதான் கற்றேன். முக்கோணம் மாதிரி ஒரு வடிவம். முனை மேலே பார்த்தால் "பி", கீழே பார்த்தால் "பே", வலது பக்கம் "போ", இடது பக்கம் "ப". மற்ற எழுத்துகளும் இப்படியே, வடிவம் மெய்யைச் சொல்லும், திசை உயிரைச் சொல்லும். நெடிலுக்கு மேலே ஒரு புள்ளி. 247 எழுத்தை எழுதி எழுதி விரல் காய்த்தவனுக்கு இது எவ்வளவு எரிச்சலைத் தரும் என்று நினைத்துப் பாருங்கள். ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் 1840 அளவில் நோர்வே ஹவுஸ் என்ற கனடிய ஊரில் உருவாக்கியது என்று புத்தகங்கள் சொல்லும். கிரீ மக்களிடம் வேறு கதை உண்டு: மிஸ்தனஸ்கோவேவ் என்ற பெரியவர் ஆவி உலகத்துக்குப் போய் வாங்கி வந்தது. கூக்கம் இரண்டையும் சொல்லி, எதை நம்புகிறார் என்று மட்டும் சொல்லவில்லை.

தமிழைப் போலவே கிரீயிலும் ஆங்கில "p" வேறு "b" வேறு இல்லை. "பாட்டு"க்கும் "பாபு"வுக்கும் எங்களுக்கு ஒரே எழுத்து என்று எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். பிறகு உறவுமுறை. தாயின் சகோதரனும் மாமனாரும் ஒரே சொல், நிசிஸ். தகப்பனின் சகோதரியும் மாமியாரும் ஒரே சொல், நிசிகோஸ். மாமா, மாமி! ஆங்கிலத்தில் இதை விளங்கப்படுத்த நாற்பது வருடமாக நான் பட்ட பாடு அங்கே இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

சின்ன வயதில் தான் இருந்த பள்ளிக்கூடத்தில் இந்தச் சொற்களுக்கு அடி விழும் என்று ஒருநாள் சொன்னார், எழுத்து அட்டைகளை அடுக்கிக்கொண்டே. முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்தில் இருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளுக்காகக் கனடா அரசாங்கம் 2008 ஜூனில் மன்னிப்புக் கேட்டது எனக்குத் தெரியும். எங்கட ஆக்களுக்கும் என்று தொடங்க என் வாய் வந்தது. அவர் என்னிடம் என் கதையைக் கேட்டிருக்கவில்லை. அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்து நடைபாதையில் ஷனன் கூஸ்டச்சினின் படம் தொங்கும். அட்டவாபிஸ்கட் பிள்ளை. அவளுடைய ஊரில் 1979இல் டீசல் கசிந்த நிலத்தின் மேல் இருந்த பள்ளிக்கூடத்தை 2000இல் மூடினார்கள். பிள்ளைகள் தற்காலிகக் கட்டடங்களில், ஒரு பாடத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் கோட்டுப் போட்டுப் பனிக்குள் நடந்து படித்தார்கள். 2008இல் ஒட்டாவா வரை போய் ஒரு பள்ளிக்கூடம் கேட்டவள், 2010இல் வீதி விபத்தில் இறந்தாள். வயது 15. புதுப் பள்ளிக்கூடம் 2014இல் திறந்தது. கேட்டது ஒரு கட்டடம். அந்த வருடங்களைக் கணக்காளன் மூளையோடு கூட்டிப் பார்க்காமல் அந்தப் படத்தைத் தாண்ட முடியவில்லை.

நாயைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிக்கூட வாசலில் ஒரு மண்ணிற நாய். காலை என் அறையில் இருந்து பள்ளிக்கூடம் வரை கூடவே வரும். கற்ற கிரீயைக் காட்டலாம் என்று வகுப்பில் "நிதேம்" என்றேன், என் நாய். பெருஞ்சிரிப்பு. "உங்கட நாயா?" சரி, எங்கள் நாய் என்று திருத்தப் போனால் அதற்கு இரண்டு சொல். நிதேமினான் என்றால் எங்கள் நாய், கேட்கிறவனுக்குப் பங்கில்லை. கிதேமினவ் என்றால் நம் நாய், நீயும் சேர்த்தி. எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இந்த வேறுபாடு தெரியாத மொழியில் அரைவாசி வாழ்க்கையைக் கழித்த தமிழன் நான். பென்சில் பெடியனிடம், நீ சொல்லும்போது எது என்று கேட்டேன். யோசித்தான். "இப்போதைக்கு நி" என்றான்.

ஏப்ரல் கடைசியில் வாத்து விடுமுறை. காட்டு வாத்துகள் தெற்கில் இருந்து வரும்போது பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு ஊரே முகாம்களுக்குப் போகும். என் விமானத்துக்கு முதல் நாள் கூக்கத்தின் குடும்பம் என்னையும் ஸ்கிடூவில் ஏற்றிப் போனது. நாயும் பின்னால் ஓடி வந்தது. கூடாரத்துக்குள் நெருப்பின் மேல் வாத்துகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை முறுக்கி விடுவார்கள். அது தானே சுற்றிச் சுற்றி வேகும், கொழுப்பு கீழே தட்டில் சொட்டும். இரண்டாம் வாயிலேயே என் பல்லில் இரும்புச் சன்னம் ஒன்று கடிபட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

எலும்பை நாய்க்கு எறியக் கை ஓங்கினேன். கூக்கம் என் மணிக்கட்டைப் பிடித்து, எலும்பை வாங்கித் தனியாக ஒரு பையில் போட்டார். வாத்தின் எலும்பை நாய்க்குக் கொடுப்பது மரியாதையில்லையாம். பெடியன் பானக் ரொட்டியில் ஒரு துண்டைக் கொழுப்பில் தோய்த்துக்கொண்டு வெளியே போனான். நாயைப் பற்றி யாரிடமோ ஏதோ சொன்னது கேட்டது. கூடாரத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்ததில் அந்த முதல் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை.