மசோதாவில் இல்லாத 12

2023 ஏப்ரல் 21, சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. 24ஆம் தேதி முதல்வர் அதை நிறுத்திவைத்தார், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்தப் பத்து நாளும் எல்லார் வாயிலும் அது "12 மணி நேர வேலை மசோதா". பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது, போராட்டத்துக்கும் உதவியது. ஆனால் மசோதாவை எடுத்துப் படித்தால் 12 என்ற எண்ணே அதில் கிடையாது. அதுதான் அதன் ஆபத்து.

65-ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்ப்பது மட்டுமே மசோதாவின் வேலை. அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து விலக்குத் தரலாம் என்றது அது. 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேர வரம்பு. 52 வார விடுமுறை. 54 நாளுக்கு 9 மணி. 55 ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் அரை மணி இடைவேளை. 56 இடைவேளையையும் சேர்த்து கேட்டுக்குள் இருக்கும் மொத்த நேரம் பத்தரை மணி. 59 ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். இந்த ஆறும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை, வாரம் 48 மணி மாறாது, விருப்பமுள்ள தொழிலாளருக்கு மட்டும் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கம் பேச்சில் இருந்தது, பிரிவில் இல்லை. பேச்சைக் காட்டித் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த முடியாது.

நம்மூர் அரசியல் விவாதத்தின் பலவீனம் இதில் அப்படியே தெரிகிறது. கல்விக் கொள்கை, வாக்காளர் பட்டியல், தொழிலாளர் சட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறோம், எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். பேனா யார் கையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கல்வி 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப்பட்டியலுக்குப் போனது. தொழிலாளர் விவகாரம் தொடக்கத்திலிருந்தே பொதுப்பட்டியல்தான். இந்த இரண்டிலும் மாநிலம் சட்டம் போடலாம். ஆனால் மத்தியச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. நீட் விலக்கு மசோதா மாட்டிக்கொண்டதும் இங்கேதான்: 2021இல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறி, கடைசியில் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சட்டமன்ற, நாடாளுமன்ற வாக்காளர் பட்டியலோ முழுக்கத் தேர்தல் ஆணையத்தின் பிடியில். உங்கள் எம்.எல்.ஏ.வால் அதில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது.

தொழிலாளர் விஷயத்தையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்து மத்திய அரசு போட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. "மோடி சட்டம், நம்மால் என்ன செய்ய முடியும்" என்று பலர் விட்டுவிட்டார்கள். அவற்றில் ஒன்றான பணிப்பாதுகாப்புத் தொகுப்பின் 25ஆவது பிரிவைப் படியுங்கள். நாளுக்கு 8 மணி என்பதைச் சட்டமே சொல்கிறது. இடைவேளையோடு சேர்த்து மொத்தம் எத்தனை மணி உள்ளே இருக்கலாம் என்பதை "உரிய அரசு" தீர்மானிக்கும் என்று விட்டிருக்கிறது. பெரும்பாலான தனியார் ஆலைகளுக்கு அந்த உரிய அரசு மாநில அரசுதான். ஓவர்டைம் வரம்பும் அப்படியே. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் மூன்று மாதத்துக்கு 50 மணி. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில் 125. ஆகவே தமிழ்நாட்டில் கேட்க வேண்டிய கேள்வி, மாநில விதிகளில் இந்த இரண்டு இடத்திலும் என்ன எண் எழுதப்படுகிறது என்பதுதான். வரைவு விதி அரசிதழில் வந்தால் ஆட்சேபம் தெரிவிக்க நாள் கொடுப்பார்கள். அந்த நாளுக்குள் எழுதுகிற தொழிற்சங்கங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று, சத்தமில்லாமல் நடந்தது. மின்சாரம் உள்ள பட்டறை 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது பழைய கணக்கு, இப்போது 20. மின்சாரம் இல்லாவிட்டால் 20 ஆக இருந்தது 40. பவர்டேபிள் தையலில் 12, செக்கிங் 3, அயர்ன் 2 என்று 17 பேரோடு, பிற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்து ஓடும் திருப்பூர் ஜாப்வொர்க் யூனிட் ஒன்று, வேலை நேரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாமலேயே தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே போய்விடுகிறது. ஆட்குறைப்புக்கும் மூடுதலுக்கும் அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பும் 100இலிருந்து 300 ஆகிவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். பாதிப் பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்.

இதே பாடத்தை 100 நாள் வேலையிலும் காணலாம். 2025 டிசம்பரில் அது புதிய சட்டமானபோது 100 நாள் 125 ஆனதைப் பற்றித்தான் மேடைப் பேச்சு. முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் செலவு. இப்போது மத்திய அரசு 60, மாநிலம் 40. மாநிலத்துக்கு எவ்வளவு என்று மத்திய அரசு ஒரு வரம்பு வகுக்கும், அதற்கு மேல் போனால் மாநிலம்தான் கட்ட வேண்டும். கையில் காசில்லாத மாநிலம் 125 நாளை எங்கிருந்து கொடுக்கும்?

இனி வாக்காளர் பட்டியல். பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு (எஸ்.ஐ.ஆர்.) முன் தமிழ்நாட்டில் 6.41 கோடி வாக்காளர்கள். 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 5.43 கோடி. 97 லட்சத்துக்கு மேல் நீக்கம், அதில் சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் சேர்ந்தாலே சுமார் 30 லட்சம்தான். மீதி 66 லட்சமும் இடம் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள். பட்டியலில் செத்தவர் பெயர் கிடந்தது உண்மை, சுத்தம் செய்ய வேண்டியதும் உண்மை. என் கவலை இந்த 66 லட்சத்தில்தான். வாடகை வீட்டுக்காரர்களும் பிழைக்கப் போனவர்களும் அடங்குவது இந்தக் கணக்கில்தான்.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் அந்த உரிமை போய்விடவும் செய்யாது. ராமநாதபுரத்திலிருந்து திருப்பூருக்கு வந்து பத்து வருடமாகக் குடும்பத்தோடு இருப்பவர் இங்கே பதிய வேண்டியவர். சீசனுக்கு ஆறு மாதம் வந்து போகிறவர் ஊரிலேயே இருக்கலாம். இரண்டிலும் இருக்கத்தான் முடியாது.

தப்பு நடப்பது படிவத்தில். ஊர் மாறியவர் நிரப்ப வேண்டியது படிவம் 8. தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்கு மாறினாலும் அதுவேதான். ஆனால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிவம் 6ஐப் போட்டுவிடுகிறார்கள். 6 என்பது முதன்முறை பதிபவருக்கு. வேறெங்கும் என் பெயர் இல்லை என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. பெயர் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது, ஆக உறுதிமொழி பொய். அதே 1950 சட்டத்தின் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை என்று இருக்கிறது. சிறைக்கு யாரும் போகிறார்களோ இல்லையோ, இரட்டைப் பதிவு என்று பிடிபட்டுப் பெயர் நீக்கப்படுவது நடக்கிறது.

முகவரிச் சான்றுதான் அடுத்த முட்டுக்கட்டை. கரண்டு பில், தண்ணீர் வரி, கேஸ் ரசீது எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். பத்திரம் பதிந்து வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர் எத்தனை பேர்? வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக்கில் புது முகவரியை மாற்றி வாங்கிக்கொள்வதுதான் சுலபமான வழி. ஒன்றுமே இல்லை என்றாலும் மனுவைத் தள்ளிவிடக் கூடாது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் படிவத்திலேயே இருக்கிறது. அவர் வரும் நேரத்தில் வீடு பூட்டியிருந்தால் கதை முடிந்தது. ஷிப்டு வேலைக்காரர்கள் பக்கத்து வீட்டு எண்ணையாவது மனுவில் கொடுக்க வேண்டும்.

நீக்கக் கோருவது படிவம் 7. அதே தொகுதி வாக்காளர் மட்டுமே கொடுக்க முடியும், கொடுத்தவர் பெயர் ரகசியம் கிடையாது. ஆட்சேபங்களின் பட்டியல் படிவம் 10 என்ற பெயரில் ஒட்டப்படும், தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்திலும் வரும். கட்சிக்காரர்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை வாராவாரம் அதைப் பார்ப்பது. நோட்டீஸ் வந்து விசாரணைக்குப் போகாவிட்டால் பெயர் போகும். நீக்கிவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அவர் உத்தரவிலிருந்து 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. நாள் தவறிவிட்டால் புதிதாகப் படிவம் 6 போடுவதுதான் வழி. வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்கு அதுவும் இல்லை. கையில் வாக்காளர் அட்டை இருக்கிறதே என்று சாவடியில் வாதாடிப் பயனில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் வேறு அடையாள அட்டையோடு போடலாம், அட்டை மட்டும் இருந்தால் போட முடியாது.

உள்ளாட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. ஆனால் அந்த ஆணையம் தனியாகப் பட்டியல் தயாரிப்பதில்லை, சட்டமன்றப் பட்டியலையே வார்டு வார்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். சட்டமன்றப் பட்டியலில் விழுந்த பிழை இங்கேயும் தொடரும், கூடவே தெருவை வார்டு மாற்றிப் போடும் பிழையும் சேரும்.

ஊரிலேயே பெயரை வைத்துக்கொண்டவருக்கு ஓட்டுப் போடப் போக லீவு? 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, சட்டமன்ற, நாடாளுமன்ற வாக்குப்பதிவு நாளில் தினக்கூலி உட்பட எல்லாருக்கும் சம்பளத்தோடு விடுமுறை என்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. ஒரு நாள் உற்பத்தியை நினைத்துப் பாருங்கள், 500ஐக் கட்டிவிட்டு மெஷினை ஓட்டலாம். அதோடு விடுமுறை ஒரு நாள்தான், இரவு பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் திரும்ப வேண்டும். தொழிலாளர் சட்டமும் தேர்தல் சட்டமும் சந்திக்கும் இந்த இடத்தை எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் தொடுவதில்லை.

கல்வியில் பேசுவதற்கு ஆயிரம் இருந்தாலும் நான் பணத்தை மட்டும் சொல்கிறேன். மும்மொழியா இருமொழியா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இருமொழிதான். ஆனால் சண்டை மொழியில் நடக்க, அடி விழுந்தது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில். 2024-25க்கு ஒப்புக்கொண்ட தொகை 3,586 கோடி, அதில் மத்தியப் பங்கு 60 சதவீதம், 2,152 கோடி. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் மத்தியப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று அது நிறுத்தப்பட்டது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடத்துக்கு அரசு பள்ளிகளுக்குத் திருப்பித் தரும் கட்டணமும் இதே பைக்குள் இருந்ததால், 2025-26க்கான சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதற்குள் எல்.கே.ஜி. பிள்ளைகளின் பெற்றோர் கடன் வாங்கி பீஸ் கட்டியிருந்தார்கள். இந்த 25 சதவீதத்தைச் சொல்லும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு ஒரு கடமை, எந்தக் கொள்கையை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அது நிற்கும். சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் இந்தக் கட்டணத் தொகையைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்றது. மாநிலக் கல்விக் கொள்கை அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று வந்தது. 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு போனதைத் தவிர அதிலிருந்து பெற்றோருக்கு எட்டிய செய்தி வேறில்லை.

ஊர் அளவில் நிஜமான அதிகாரம் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், இது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் மானியச் செலவைப் பார்ப்பதும் இதன் வேலை. அரசு உதவிபெறும் பள்ளியில் மட்டும் இந்தக் குழு ஆலோசனைதான் சொல்லலாம். அது தெரியாமல் அங்கே போய்க் கணக்குக் கேட்டு மூக்குடைபடுகிறவர்கள் உண்டு.

கிராம சபையில் தேசியக் கல்விக் கொள்கையை எதிர்த்துத் தீர்மானம் போடலாம், தப்பில்லை. அது ஒரு கருத்து, கோப்பில் போய்ச் சேரும். "எங்கள் நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் ஜூன் முதல் காலி" என்ற தீர்மானத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலர் பதில் சொல்லியாக வேண்டும். "இந்தத் தெருவில் நீக்கப்பட்ட இத்தனை பேரும் இங்கேயே வசிக்கிறார்கள்" என்று கதவு எண்ணோடு எழுதினால் வாக்காளர் பதிவு அலுவலரின் விசாரணையில் காட்டலாம். ஆண்டுக்கு ஆறு கூட்டம், அதில் மே 1 ஒன்று. குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பைப் பாருங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று அடித்துவிடுவார்கள். வந்தவர்களிடம் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு சாவகாசமாக எழுதுவது பல ஊராட்சிகளில் பழக்கம். வாசகத்தைப் புத்தகத்தில் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டி, அதன் கீழே கையெழுத்து வாங்கும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது.