பத்து நிமிடத் தூக்கம்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடியில், விளக்கணைத்த பின்னும் என் முகத்தில் கைப்பேசியின் வெளிச்சம் விழுவதைக் கண்டு அம்மா நாள்தோறும் கடிந்துகொள்வார். அவர் பக்கம் நியாயம் உண்டா என்று தேடியபோது, பாஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 2015இல் அச்சான ஆய்வுக் கட்டுரை ஒன்று கிடைத்தது. படுக்கும் முன் 4 மணி நேரம் ஒளிரும் திரையில் படித்த இரவுகளில், அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிட உடலை உறக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. உறக்கம் வர ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாயிற்று. ஆனால் பங்கேற்றவர்கள் 12 பேர்தாம். திரையோ முழு வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, 'கைப்பேசி தூக்கத்தைக் கொல்லும்' என்று மட்டும் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்ததுதான் எனக்கு உறுத்தியது. (வந்த நேரம் இரவு 11.40.) நான் திரையின் ஒளியை அடிமட்டத்துக்குக் குறைத்து, சார்ஜரைக் கீழே கூடத்துக்கு மாற்றிவிட்டேன்.