டீக்குக் கூப்பிட்டால் பசியோடு போங்கள்

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துவிட்டு, நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. ‘டீ’யைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் இருக்கும் யார்க்‌ஷயரில், பொதுவாக வடக்கு இங்கிலாந்திலேயே, டீ என்றால் சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடும் முழுச் சாப்பாடு. மத்தியானச் சாப்பாட்டைப் பலர் டின்னர் என்பார்கள். லண்டன் பக்கம் போனால் டின்னர் ராத்திரிக்கு நகர்ந்துவிடும்; அங்கே டீக்குக் கூப்பிட்டால் கேக்கோடு முடிந்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் ஆலை வேலை முடிந்து வந்தவர்கள் சாயங்காலச் சாப்பாட்டோடு டீயையும் வைத்துக் குடித்தார்கள். பேர் சாப்பாட்டுக்கே ஒட்டிக்கொண்டது.

வார்டில் இது விளையாட்டு இல்லை. “டீக்கு முன்னாடி இன்சுலின் போட்டுக்குவேன்” என்று ஒரு பாட்டி சொன்னால், நாலு மணிக் கோப்பையைச் சொல்லவில்லை, சாயங்காலச் சாப்பாட்டைச் சொல்கிறார். வேளையின் பேரை மட்டும் கேட்டு எழுதிவிடாதீர்கள். எத்தனை மணி என்று கேளுங்கள், 17:30 என்று 24 மணிக் கணக்கில் குறியுங்கள்.

அப்படியானால் குடிக்கிற டீக்கு என்ன பேர்? அதற்கும் டீதான், ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் “ப்ரூ வேணுமா?” என்றுதான் கேட்பார்கள். நம்ம ஊர்க்காரிக்கு ப்ரூ என்றால் காபித் தூள். வருவதோ பெரும்பாலும் பால் விட்ட டீ, சீனி கேட்டால்தான் உண்டு.

போன மாதம் மகளை வகுப்புத் தோழி வீட்டில் டீக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கருங்கல் ஊரிலிருந்து மாமியார் வீடியோவில் விசாரித்தார்: “ஏன் மக்களே, பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைக்கு வெறும் சாயாவா குடுத்தாவ? கடிக்க ஒண்ணும் இல்லியா?”

“ஃபிஷ் ஃபிங்கர், சிப்ஸ், பட்டாணி, ஐஸ்க்ரீம்” என்று மகள் ஒப்பித்தாள். சாயாதான் இல்லை.

அழைப்பு ஒருவழி இல்லை, பதிலுக்கு நாமும் கூப்பிட வேண்டும். நாம் ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறவர்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஐந்து மணிக்குத் தட்டில் சாப்பாடு இருக்க வேண்டும். சீனி தொட்டுத் தோசை நன்றாகவே போகிறது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைக்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.